படி வழியா கொண்டுபோங்க

பிப்ரவரி 4

தம்பிக்கு,

ஒரு கடிதம் எதற்காக எழுதப்படுகிறது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட வேண்டும் என்று எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனின் நாற்காலியைத் திருப்பி அனுப்பு.

போன மாதம் வந்து கேட்டபோது என்ன சொன்னாய்? "அண்ணி, புதுசா ஒரு நாடகம் போடறேன். கை வச்ச பழைய நாற்காலி ஒண்ணு வேணும்" என்றாய். அவர் போன இந்த ஆறு வருடங்களில் அதில் நான் யாரையும் உட்காரவிட்டதில்லை. நானும் உட்கார்ந்ததில்லை. இருந்தும் கொடுத்தேன். மேடையில் ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் கிடக்கும், அப்பா வேஷம் போட்டவர் யாராவது அதில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார் என்று நினைத்தேன். செத்துப்போன மனிதரை அதில் உட்காரவைத்து, நான்கு பேர் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள் என்று நீ சொல்லவில்லை.

இரண்டாம் மாடித் தையல்காரர், தன் மகளைப் பார்க்க உன் ஊருக்குப் போனவர், உன் ஒத்திகையையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பையைக்கூட வீட்டில் வைக்காமல் என் கதவைத் தட்டினார். "என் வேஷத்துக்கு ஒரு ஆளைப் போட்டிருக்காரும்மா உங்க கொழுந்தன். அச்சு அசலா நான்தான். நானே சிரிச்சிட்டேன்னா பாருங்களேன்" என்றார். அவருக்கு அத்தனை சந்தோஷம். நான் கதவைச் சாத்திவிட்டு நாற்காலி இருந்த இடத்துக்கு வந்து நின்றேன். தரையில் நான்கு கால்களின் தடமும் இருக்கிறது. தேய்த்தாலும் போவதில்லை.

பெற்றவர்கள் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தவன் நீ. உனக்குத் தலை வாரி, பாடம் கேட்டு, காய்ச்சலில் பக்கத்தில் படுத்தவர் அவர். அந்த மனிதர் செத்துப்போன காலை உனக்கு வேடிக்கையாகிவிட்டது.

போனில் கூப்பிடாதே. போனில் நீ யாரையும் சிரிக்கவைத்துச் சம்மதம் வாங்கிவிடுவாய். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. இல்லாவிட்டால் நாற்காலி மட்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி

•

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

'உன் அண்ணனின் மனைவி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அண்ணி என்று ஒருவர் இருந்தாரே, அவர் எந்தப் பக்கம் போனார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி. சிரிக்கமாட்டீர்கள். தெரியும்.

நாற்காலி கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. முழுக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முழுக்கச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பீர்களா?

தையல்காரர் பார்த்தது கடைசிக் காட்சியை மட்டும். நாடகம் அது மட்டும் இல்லை. நம்முடையது மாதிரி ஒரு நாலு மாடிக் கட்டடம். தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை, துணி காயப்போடும் கம்பிக்குச் சண்டை, வாடகை கேட்டால் பின்படியில் நழுவுகிற ஒருத்தன், அடுத்த வீட்டுக் குப்பையை வைத்தே ஜாதகம் சொல்லிவிடுகிற ஒருத்தி. ஒருத்தரை ஒருத்தர் பிடுங்கித் தின்கிறார்கள். கடைசியில் ஒரு காலை, கட்டடத்தின் செயலாளர் வெளியே கிளம்பத் தயாராகி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விடுகிறார். ஸ்ட்ரெச்சர் படி வளைவில் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். இரண்டாம் மாடித் தையல்காரர் கண்ணாடி போடாமல் வெளியே வந்து, "வணக்கம் சார். மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுது. எப்ப பார்ப்பீங்க?" என்கிறார். தூக்கிக்கொண்டிருப்பவர்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் விடுவதாக இல்லை. "பதிலே காணோமே. நேத்து நான் பேசினதுக்கு இன்னும் கோபமா சார்?"

இதில் ஒரு வார்த்தையும் என் கற்பனை இல்லை அண்ணி. அந்த வாரம் நான் உங்களைப் பார்க்க வந்திருந்தேன். நாற்காலியின் வலது பின்கால் என் கையில் இருந்தது.

இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. வேறு விதமாக அழ எனக்குத் தெரியவில்லை.

எங்கள் குழுவில் எல்லோரும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். உங்கள் வேஷம் போடுகிறவள் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவள். அண்ணன் வேஷம் ஒரு பஸ் டிரைவருக்கு. செத்த மாதிரி இருங்கள் என்றால் நிஜமாகவே தூங்கிக் குறட்டை விடுகிறார்.

கடைசிக் காட்சியை இத்துடன் வைத்திருக்கிறேன். படியுங்கள். வேண்டாம் என்று ஒரு சொல் எழுதினால் எடுத்துவிடுகிறேன். அது போனால் நாடகத்துக்கு முதுகெலும்பு போய்விடும். ஆனாலும் எடுத்துவிடுகிறேன்.

உங்கள்
தம்பி

•

பிப்ரவரி 14

தம்பிக்கு,

காட்சியைப் படித்தேன். சிவப்புப் பென்சிலால் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். திருத்தியதால் சம்மதித்துவிட்டேன் என்று பொருள் இல்லை. தவறாக எழுதிய தாளைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை.

அவர் ஒரு காலில் மட்டும் காலுறை போட்டிருந்ததாக எழுதியிருக்கிறாய். அப்படித்தான் போனார். ஆனால் ஆம்புலன்ஸ் வண்டிக்காரர்கள் வருவதற்குள் இன்னொன்றை நான் போட்டுவிட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். அரைகுறையாக அவர் எந்தப் படியிலும் இறங்கியதில்லை.

நான் தலைவிரி கோலமாகப் படியில் விழுந்து அலறுவதாக எழுதியிருக்கிறாய். அலறினேனா? உனக்கு நினைவில்லாவிட்டால் கட்டடத்தில் யாரை வேண்டுமானாலும் கேள்.

தையல்காரர் பேசுவதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். அப்படியேதான் பேசினார். அன்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இனி, நான் பென்சிலைக் கீழே வைத்த இடத்துக்கு வருகிறேன். உன் காட்சியில், நாலாம் மாடியில் லிஃப்ட் நிற்கிறது. வாட்ச்மேன் கதவை மறித்துக்கொண்டு, "செயலாளர் ஐயா போட்ட உத்தரவுங்க. மேசை, நாற்காலி, கட்டில் எதுவும் லிஃப்ட்ல ஏறக்கூடாது. உத்தரவு போட்டவரே ஆனாலும் உத்தரவு உத்தரவுதான்" என்கிறான். ஜனங்கள் சிரிப்பார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

அந்த மனிதன் அன்று லிஃப்டை மேலே கொண்டுவந்து, உள்ளே கிடந்த துடைப்பத்தையும் வாளியையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கதவு மூடிக்கொள்ளாமல் முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. இப்போது எதிர்க் கட்டடத்தில் வேலை பார்க்கிறான். தினமும் காலையில் என் பால்கனியைப் பார்த்து ஒரு சலாம் வைக்கிறான்.

யார் என்ன சொன்னார்கள் என்று உனக்கு நன்றாகத் தெரியும். "நாற்காலி லிஃப்ட்ல போகக்கூடாது. படி வழியா கொண்டுபோங்க." சொன்னது நான். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

என்னைக் காப்பாற்ற ஓர் ஏழையைக் கோமாளியாக்கியிருக்கிறாய். காப்பாற்று என்று நான் கேட்டேனா?

காட்சியை எடுத்துவிடு. நாற்காலியை அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணி

•

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

எடுத்துவிட்டேன். நாற்காலிக்குச் சாக்கு சுற்றிக் கட்டியாகிவிட்டது. அடுத்த வாரம் பார்சல் லாரியில் வந்துவிடும். நாடகம் மோட்டார் சண்டையோடு முடியும். குழுவில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அது என் பாடு.

ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த அன்று, எடுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை, நீங்கள் எழுதியிருக்கிற மாதிரியே வைத்துப் பார்த்தேன். வாட்ச்மேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வசனத்தை வங்கிக்காரியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிப் படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினாள்.

"நான் பேசமாட்டேன் சார்."

"ஏம்மா?"

"புருஷன் உடம்பு இன்னும் ஆறலை. எந்தப் பொம்பளையாவது இப்படிப் பேசுவாளா? கல்நெஞ்சக்காரின்னு ஜனங்க காறித் துப்புவாங்க."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லம்மா."

"அப்ப எப்படிப்பட்டவங்க? அதைச் சொல்லுங்க, பேசறேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை அண்ணி. உங்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கே தெரியவில்லை.

அதனால் கேட்டுவிடுகிறேன். நம் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? லிஃப்ட் வேலை செய்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே தள்ளிவிட்டால் முடிந்திருக்கும். நீங்கள் ஒரு அறிவிப்புக்காக அவரை நாலு மாடி தூக்கவைத்தீர்கள்.

மூன்றாம் மாடி வளைவில் என் கை வேர்த்து வழுக்கிவிட்டது. நாற்காலி பக்கவாட்டில் சாய்ந்தது. அண்ணன் தலை சுவரில் மோதிய சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. உயிரோடு இருந்தவரை நான் ஒரு சொல்லால்கூட அடிக்காத மனிதர்.

இதை நான் நாடகத்தில் வைக்கவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. கதை சொல்லும்போது அந்த வளைவை மட்டும் தாண்டிக் குதித்து நேரே தையல்காரரிடம் போய்விடுவேன். அதன் பிறகு உங்கள் வீட்டுக்கு வர எனக்குக் கால் எழவில்லை. வந்தாலும் ஒரு வேளைக்கு மேல் தங்கவில்லை. அந்தப் படியில் ஏற வேண்டுமே என்றிருக்கும். நீங்கள் கவனித்திருப்பீர்கள். கேட்கவில்லை.

பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

தம்பி

•

பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

நாற்காலியை அனுப்பாதே.

கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். யாரோ ஒரு பீரோவை ஏற்றி லிஃப்ட் நடுவழியில் மாட்டிக்கொண்ட பிறகு அவர் அந்த அறிவிப்பை எழுதி ஒட்டினார். மறு வாரமே மூன்றாம் மாடிக்காரர் படுக்கையில் கிடக்கும் தன் தாயாருக்கு ஒரு கட்டில் வாங்கி வந்தார். லிஃப்டில் ஏற்றக் கேட்டார். இவர் மறுத்துவிட்டார். மூன்று மாடியும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். போகும்போது அவர் மனைவி இவரைத் திட்டியதை நான் இங்கே எழுத முடியாது. இவர் கீழே நின்று கேட்டுக்கொண்டார். அது நடந்து சில நாளில்தான் இவர் போனார்.

அந்த மூன்றாம் மாடிக்காரர்தான் அன்று உனக்குப் பக்கத்தில் இடது பின்காலைப் பிடித்தவர். கூப்பிடாமலே வந்தார். லிஃப்ட் வாசலில் அவர் கண் அறிவிப்புக்குப் போயிற்று. பிறகு என்னிடம் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக்கூடியவரும் இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று உன் அண்ணனை யாரும் நினைத்ததில்லை. அவர் பதில் பேச முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரம் பார்த்து அதை நான் விட்டுக்கொடுக்க முடியுமா?

இதை யார் கேட்டிருந்தாலும் தலை நிமிர்ந்து சொல்லியிருப்பேன். இன்றும் அதே இடத்தில் நின்றால் அதையேதான் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அந்த லிஃப்டின் அளவு உனக்குத் தெரியும். நாற்காலியை வைத்தால், பிடித்துக்கொள்ள ஒருவர் நிற்கலாம். வண்டிக்காரன் ஒருவன் ஏறியிருப்பான். கதவு மூடியிருக்கும். நான் மேலே நின்றிருப்பேன். படியில் விழுந்தடித்து இறங்கிப் போயிருந்தாலும் அதற்குள் வண்டியில் ஏற்றியிருப்பார்கள். படி வழியாகப் போனால் நானும் கூடவே இறங்கலாம். அத்தனை வருடம் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். கடைசியாக ஒரு நாலு மாடி கிடைத்தது. அதை ஒரு பொத்தானை அமுக்கி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் மாடி வளைவு. நீ முதுகு வளைந்து பிடித்துக்கொண்டிருந்தாய், உனக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. நான் ஒரு படி மேலே, அவர் தலைக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். நாற்காலி சாய்ந்ததும் கையை நடுவில் கொடுத்தேன். அவர் தலை என் உள்ளங்கையில்தான் விழுந்தது. நீ கேட்டது என் மோதிரம் சுவரில் மோதிய சத்தம். அந்த விரல் வீங்கிக் கிடந்தபோது, கதவு இடுக்கில் நசுங்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். உன் மனது வேதனைப்படும் என்றுதான் சொல்லவில்லை. சொல்லாததால் நீ இத்தனை நாள் இதைச் சுமந்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது.

வங்கியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணிடம் சொல். அழக்கூடாது. கைக்குட்டையைக் கையில் எடுக்கவே கூடாது. நாற்காலியைப் பார்த்துப் பேச வேண்டும், ஜனங்களைப் பார்த்து அல்ல. துப்புகிறவர்கள் துப்பட்டும். வாட்ச்மேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அந்த வசனம் என்னுடையது, அதை என்னிடமே கொடு. மற்றதை மேடையில் வைக்காதே.

அண்ணி

•

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒத்திகைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

அந்த விரலுக்கு ஐஸ் வாங்கிவந்தது நான். அந்தக் கதவைச் சும்மா விடக்கூடாது என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, கீலைக் கழற்றி எண்ணெய் போட்டு, சாயங்காலம் வரை அதோடு மல்லுக்கட்டினேன். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "போதும்டா, கதவு திருந்திடுச்சு" என்றீர்கள். அந்த வாரம் முழுக்க உங்கள் வாயிலிருந்து வந்த ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். இப்போது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை முதல் தடவை போட்டோம். வலது பின்கால் பிடிக்கும் வேஷத்தை நானே வாங்கிக்கொண்டேன். வங்கிக்காரி நாற்காலியைப் பார்த்து, குரல் உயர்த்தாமல், அந்த வசனத்தைச் சொன்னாள். அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பின்வரிசையில் ஒருத்தன் விசில்கூட அடித்தான். எனக்கு நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது.

தூக்கினோம். அவள் பின்னாலேயே வந்தாள். காரணம் அவளுக்குத் தெரியாது. "பின்னாடி வந்துகிட்டே இரும்மா, எதுவும் செய்யாதே" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மூன்றாம் மாடிவரை சிரித்தார்கள். வளைவில் திரும்பும்போது சிரிப்பு மெலிந்தது. தையல்காரர் மோட்டாரைப் பற்றிக் கேட்டபோது பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அவர்களை அடக்கினார்கள். கீழ்ப்படிக்கு வந்தபோது எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்தான். பஸ் டிரைவர்கூட அன்று குறட்டை விடவில்லை. விளக்கு அணைந்த பிறகு, "சார், நீங்க அழுதீங்களா? என் கழுத்துல சொட்டு விழுந்துச்சு" என்றார். வேர்வை என்றேன்.

மாதக் கடைசியில் உங்கள் ஊருக்கு வருகிறோம், ஒரே ஒரு நாள். மூன்றாம் வரிசையில் ஓர் ஓரத்து இருக்கையை உங்களுக்கென்று விட்டுவைப்பேன். நீங்கள் வராவிட்டாலும் அதில் யாரையும் உட்காரவிடமாட்டேன். அது நம் குடும்பத்துப் பழக்கம்தானே.

உங்கள்
தம்பி

•

ஏப்ரல் 1

அன்புள்ள தம்பிக்கு,

நாடகம் பற்றி எழுதுகிறேன்.

மூன்றாம் வரிசை ஓரத்து இருக்கை காலியாகக் கிடந்ததைப் பார்த்து நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். கடைசி வரிசையில் இருந்தேன், நானே வாங்கிய டிக்கெட்டில். பக்கத்தில் எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தன் வேஷம் வந்ததும், "இவ்வளவு ஒல்லியாவாம்மா இருந்தேன் நான்?" என்றான். லிஃப்ட் கதவை முதுகால் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் வந்தபோது துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். முடிந்ததும் உன்னிடம் வரலாம் என்று எழுந்தேன். உன்னைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது. கூட்டத்தில் நின்று பேசக்கூடியவை அல்ல நமக்குள் இருப்பவை.

சில திருத்தங்கள். டிரைவரின் கண்ணாடி மூக்கில் இறங்கிவிடுகிறது, காதுக்குப் பின்னால் நூல் கட்டு. மோட்டார் சண்டையில் கெட்ட வார்த்தைகள் அதிகம். நம் கட்டடத்தில் அதைவிட அதிகம் என்றாலும், மேடைக்கு அவ்வளவு வேண்டாம்.

தையல்காரர் காட்சியில் அன்று உதட்டைக் கடித்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தேன். நேற்று கடித்துக்கொள்ளவில்லை. நான் சிரித்த சத்தத்தில் வாட்ச்மேன் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பெண் வசனத்தைச் சரியாகப் பேசுகிறாள். அவளிடம் நான் சொன்னதாகச் சொல். ஆனால் நாற்காலிக்கு மூன்று படி தள்ளி இறங்குகிறாள். அது தவறு. மூன்று படி தள்ளி வந்தால் கை எட்டாது. அவள் எதுவும் செய்ய வேண்டாம், கையைத் தூக்கவும் வேண்டாம். எட்டுகிற தூரத்தில் வந்தால் போதும்.

நாடகம் ஓடும்வரை நாற்காலி உன்னிடம் இருக்கட்டும். ஓடி முடிந்ததும் நீயே கொண்டுவா. பத்து நாளாவது தங்குவது மாதிரி துணிமணி எடுத்துக்கொண்டு வா. லிஃப்டில் ஏற்றலாம் என்று நினைக்காதே, அறிவிப்பு ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது. கீழே வந்து நின்று குரல் கொடு. நான் இறங்கி வருகிறேன். வளைவுகளில் பின்னால் ஒருவர் வேண்டும்.

அண்ணி